மூன்றாவது செமஸ்டரில் விழுந்தவருக்கு மேற்படிப்பு உண்டா?

எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2022-ல் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து 2025 ஏப்ரலில் முடித்தவர். ஆறு செமஸ்டரிலும் வாங்கிய சதவீதம் வரிசையாக 71, 68, 44, 49, 74, 81. மூன்றாவதில் கணித இயற்பியலும் துணைப் பாடமான அலைடு கெமிஸ்ட்ரியும் அரியர். நான்காவதில் வெப்ப இயற்பியல் அரியர். 2024 நவம்பருக்குள் மூன்றையும் எழுதித் தேறிவிட்டார். 2023 டிசம்பர் புயல் மழையிலும், அதோடு ஆற்றில் கலந்து வந்த எண்ணெய்க் கழிவிலும் அப்பாவின் படகும் வலையும் வீணாகிவிட்டன. அதன் பிறகு நான்காவது செமஸ்டர் முடியும்வரை கண்டெய்னர் யார்டில் இரவு வேலை பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போயிருக்கிறார். நல்ல இடத்தில் எம்.எஸ்சி. கிடைக்குமா, வெள்ளத்தைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதினால் அனுதாபம் தேடுவதாக நினைப்பார்களா, வெளிநாடு சரிப்படுமா என்று கேட்கிறார். வீட்டில் பி.எட். போகச் சொல்கிறார்களாம்.

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். இயற்பியல் படித்து, முனைவர் பட்டம் முடித்து, இப்போது பாடம் நடத்துகிறேன். சில ஆண்டுகளாக எம்.எஸ்சி., பிஎச்.டி. சேர்க்கை நேர்காணல்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். என் மதிப்பெண் பட்டியலிலும் ஒரு அரியர் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, உங்கள் எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். சராசரி 64.5 வருகிறது. ஆனால் எனக்கு முதலில் பட்டது கடைசி எண்தான். விழுந்த பிறகு எழுந்து, முதல் செமஸ்டரைவிடப் பத்து மார்க் மேலே போய் முடித்திருக்கிறீர்கள். 81, 74, 68, 61, 55, 52 என்று ஒருவர் வந்தால் அவருடைய சராசரி 65-ஐத் தாண்டும். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்தால் எங்களுக்குக் கவலை வரும், இவருக்கு இந்தப் பாடத்தில் ஆர்வம் தீர்ந்துவிட்டதோ என்று. உங்கள் பட்டியலைப் பார்த்தால் வரும் கேள்வி வேறு. நடுவில் என்ன நடந்தது, அது முடிந்துவிட்டதா? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் போதும்.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரு மனிதர் உட்கார்ந்து வரிசையைப் படிப்பதில்லை. சில இடங்களில் எண் மட்டும்தான் பேசும். அதை முதலில் முடித்துவிடுவோம்.

நம் பக்கத்துப் பட்டத்தில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் அலைடும் என்று பிரிந்திருக்கிறது. வகுப்பும் பகுதிவாரியாகத்தான் போடுகிறார்கள். உங்களுக்கு மொத்தத்தில் ஒரு சதவீதம், பகுதி 3-ல் ஒரு சதவீதம், இயற்பியல் தாள்களை மட்டும் கூட்டினால் இன்னொரு சதவீதம் வரும். ஒரு விண்ணப்பம் பகுதி 3 கேட்கும். இன்னொன்று மொழிப் பாடம் உட்பட எல்லாவற்றையும் கூட்டச் சொல்லும். வருடாவருடம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதைப் பார்க்கிறேன். தனக்கு 60 இல்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்டவருக்குப் பகுதி 3-ல் 66 இருக்கும். அதனால் மூன்று கணக்கையும் தனித்தனியாகப் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எதைக் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு அந்த எண்ணைப் போடுங்கள்.

மாநிலத்தில் அரசுக் கல்லூரி எம்.எஸ்சி. இடங்கள் பெரும்பாலும் இளநிலை மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் வைத்துத்தான் நிரம்புகின்றன. சென்னை மாநிலக் கல்லூரி (பிரசிடென்சி) போன்ற இடங்களில் போட்டி அதிகம். அங்கே உங்கள் 44-ம் 49-ம் நேரடியாக இழுக்கும். விண்ணப்பம் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

உங்களுக்கு ஏற்ற வழி நுழைவுத் தேர்வுதான். நடுவில் சறுக்கிய பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் இதைவிட நேர்மையான வழி இல்லை என்பது என் அனுபவம். எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் உட்பட ஏழு பாடங்களில் நடக்கிறது. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். பிப்ரவரியில் தேர்வு, பதிவு அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்கும். ஒரே விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் மட்டும்தான் தவறுக்கு மார்க் குறையும். எண்ணை விடையாக எழுதும் பகுதியிலும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை வரும் பகுதியிலும் குறையாது. தேர்வறையில் உங்கள் மூன்றாவது செமஸ்டரைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களும் ஜாம் மதிப்பெண்ணை வைத்துத்தான் எம்.எஸ்சி. இடம் தருகின்றன. அங்கே இளநிலையில் 60 சதவீதம் கேட்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 55. உங்கள் 64.5 அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. கோட்டைத் தாண்டியபின் 64-க்கும் 84-க்கும் வேறுபாடு கிடையாது, தேர்வு ரேங்க்தான் இடத்தை முடிவு செய்யும். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் பேசிய பல பிள்ளைகள் குறைந்த மார்க் என்பது எல்லா இடத்திலும் கூடவே வரும் என்று நினைக்கிறார்கள். பல இடங்களில் அது வாசலோடு நின்றுவிடுகிறது.

அடுத்தது க்யூட் பி.ஜி. என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு. 2022-லிருந்து நடக்கிறது. புதுச்சேரி, திருவாரூர், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இதுதான் வழி. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு குறைந்தபட்ச சதவீதம் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். கோட்பாட்டு இயற்பியலில் பிடிப்பு இருந்தால் ஜெஸ்ட் தேர்வும் எழுதலாம். நம் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் அதில் சேர்ந்திருக்கிறது. கேள்விகள் ஜாமைவிடக் கடினமாக இருக்கும்.

இனி மனிதர் படிக்கும் இடம். நேர்காணல், பிஎச்.டி. விண்ணப்பம், கோடைக்கால ஆய்வுப் பயிற்சி, வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாம் இதில் வரும். உங்கள் இரண்டாவது கேள்வியும் இங்கேதான் வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு மின்காந்தவியலில் அரியர். எக்ஸ்டர்னலில் 75-க்கு 24, தேற 30 வேண்டும். அந்த வருடம் அம்மாவுக்கு ஆபரேஷன். நான்தான் ஸ்டான்லி மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் பிஎச்.டி.க்கு நான் போன முதல் நேர்காணலில் அந்த மார்க்கைப் பற்றிக் கேட்டார்கள். நான் ஆபரேஷனில் தொடங்கி, தம்பியின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி அதிலேயே போய்விட்டது. மீதி நேரத்தில் இரண்டு எளிய கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, நான் யார் என்று சொன்னேனே தவிர எனக்கு என்ன தெரியும் என்று காட்டவே இல்லை.

அடுத்த நேர்காணலுக்கு நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதமும் மின்காந்தவியல்தான். நான் விழுந்த அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காக மறுபடி போட்டேன். அங்கேயும் அதே கேள்வி வந்தது. "அந்த செமஸ்டரில் அம்மா மருத்துவமனையில் இருந்தார், நான் படிக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பாடத்தை முழுதாகப் படித்திருக்கிறேன், அதிலேயே கேளுங்கள்" என்றேன். உடனே ஒருவர் போர்டைக் காட்டினார். மின்னூட்டம் இல்லாத ஒரு கடத்திக் கோளம், உள்ளே ஒரு குழி, குழிக்குள் ஒரு மின்னூட்டம். அதைக் குழிக்குள்ளேயே இடம் மாற்றி வைத்தால் கோளத்துக்கு வெளியே மின்புலம் மாறுமா? மாறாது என்று சொல்லி, ஏன் என்று வரைந்து காட்டினேன். குழியின் சுவரில்தான் மின்னூட்டப் பரவல் மாறும், கோளத்தின் வெளிப்பரப்பில் அது சீராகவே இருக்கும். பிறகு அந்த 24-ஐப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன். பட்டியலில் ஓட்டை இருந்தால் எங்கள் விரல் நேராக அங்கேதான் போகும். உங்களிடம் கணித இயற்பியலும் வெப்ப இயற்பியலும் கேட்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஹெர்மிஷியன் அணியின் ஐகன் மதிப்புகள் ஏன் மெய்யெண்ணாக இருக்க வேண்டும், நிறுவிக் காட்டு என்பார்கள். மூன்று வரியில் முடியும், ஆனால் அந்த மூன்று வரி கையில் இருக்க வேண்டும். ஒரு மோல் நல்லியல்பு வாயு வெற்றிடத்துக்குள் இரண்டு மடங்காக விரிந்தால் என்ட்ரோபி எவ்வளவு மாறும் என்பார்கள். வெப்பம் உள்ளே வரவில்லை, அதனால் மாற்றம் பூஜ்யம் என்று பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். அந்த விரிவு மீள் நிகழ்வு அல்ல. அதே ஆரம்ப நிலையையும் முடிவு நிலையையும் இணைக்கும் மீள் வழி ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டால் ஆர் லாக் 2 வரும், கெல்வினுக்கு 5.76 ஜூல். அதைச் சொல்லிவிட்டு ஏன் என்றும் சொல்பவர், வெப்ப இயற்பியலில் ஒருமுறை தோற்றவராக இருந்தால், எங்கள் மனதில் இன்னும் ஆழமாகப் பதிகிறார்.

அலைடு கெமிஸ்ட்ரியை விட்டுவிடுங்கள். அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

வெள்ளத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் படிப்பவர் தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஆனால் நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்: "2023 டிசம்பர் புயலிலும் எண்ணெய்க் கசிவிலும் என் தந்தையின் மீன்பிடித் தொழில் நின்றது. அதனால் நான்காவது செமஸ்டர் முடியும்வரை இரவு வேலை பார்த்தேன். அந்த இரண்டு செமஸ்டர்களில் மூன்று தாள்களில் தோற்று, 2024 நவம்பருக்குள் மூன்றிலும் தேர்ச்சி பெற்றேன். இரவு வேலையை விட்ட பிறகு கடைசி இரண்டு செமஸ்டர்களில் 74, 81 பெற்றேன்." இதில் வருத்தம், துயரம், போராட்டம் என்ற சொல் எதுவும் இல்லை, தேதியும் எண்ணும்தான் இருக்கின்றன. படிப்பவர் தானே உணர்ந்துகொள்வார். எண்ணூரில் அந்த டிசம்பரில் என்ன நடந்தது என்று நாடு முழுக்கச் செய்தியில் வந்தது, யாரும் உங்களைச் சந்தேகப்படப்போவதில்லை. இந்த நான்கு வாக்கியத்தையும் கட்டுரையின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். முதலில் இயற்பியல் வர வேண்டும். எந்தக் கேள்வி உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது, கடைசி செமஸ்டர் புராஜெக்டில் என்ன அளந்தீர்கள், எது சரியாக வரவில்லை என்று எழுதுங்கள். இது நடுவிலோ கடைசிக்கு முன்போ வந்தால் போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அரியர் எத்தனை என்று கேட்டால் மூன்று என்று எழுதுங்கள். தேறிவிட்டதால் பூஜ்யம் என்று போடலாம் என்று சில கன்சல்டன்சிகாரர்கள் சொல்வார்கள். மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு தாளுக்கும் நேரே தேறிய மாதமும் ஆண்டும் இருக்கிறது. மூன்றாவது செமஸ்டர் தாளுக்கு எதிரே 2024 என்று இருந்தால் யாருக்கும் புரிந்துவிடும். மூன்று அரியர் யாருடைய விண்ணப்பத்தையும் கொன்றதாக எனக்குத் தெரியாது. ஒரு பொய் கொன்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பரிந்துரைக் கடிதம். எம்.எஸ்சி.க்கு இந்தியாவில் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும். பிள்ளைகள் நேராக எச்.ஓ.டி.யிடம் போகிறார்கள், பதவி பெரியது என்று. அவருக்கு உங்களைத் தெரியாவிட்டால் "ஒழுக்கமான மாணவர், வருகை நன்று" என்று இரண்டு வரி வரும். அதனால் பயனே இல்லை. உங்கள் புராஜெக்டைப் பார்த்துக்கொண்ட ஆசிரியரோ, லேபில் கூட நின்றவரோதான் எழுத வேண்டும். நேரில் போங்கள். ஸ்டாஃப் ரூம் வாசலில் தயங்கி நிற்காதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் அதிகம், எனக்கும் இருந்தது. "சார், மூன்றாவது செமஸ்டர் கடைசியிலிருந்து நான் இரவு வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றியும் இரண்டு வரி எழுத முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரவு முழுக்க யார்டில் நின்றுவிட்டுக் காலை எட்டரைக்கு லேபுக்கு வந்தான் என்று நீங்கள் எழுதினால் அது உங்கள் கதை. அவர் எழுதினால் சாட்சியம்.

புதிய சான்று ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. பழைய மார்க்கை அழிக்க முடியாது, ஆனால் அதற்குப் பிந்திய தேதியில் ஒரு மார்க்கைக் காட்டலாம். என்.பி.டெல் அதற்குத்தான் நல்லது. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. ஆசிரியர்கள் நடத்தும் பாடங்கள், பார்க்கப் பணம் வேண்டாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. வாராந்திர அசைன்மென்டுக்கு 25, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 என்று கணக்கு. வீட்டில் உட்கார்ந்து கிளிக் செய்து வாங்கும் சான்றிதழ் இல்லை என்பதால் இதை நாங்கள் மதிக்கிறோம். கணித இயற்பியலில் ஒன்று செய்யுங்கள். ஒன்று போதும், ஆறு சான்றிதழ் சேர்க்க வேண்டாம்.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்போது அது உங்களுக்கு அவசரம் இல்லை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பதினாறு ஆண்டுப் படிப்பை எதிர்பார்க்கின்றன. நம் மூன்று ஆண்டு பி.எஸ்சி.யோடு பதினைந்துதான் ஆகிறது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் நம் மார்க்கை அவர்கள் அளவுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். உச்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழித்து, அதை உச்ச மார்க்குக்கும் தேர்ச்சி மார்க்குக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உங்களுக்கு 100-லிருந்து 64.5 போனால் 35.5. தேர்ச்சி மார்க் 40 என்பதால் இடைவெளி 60, அதால் வகுத்து மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.8 வரும். அங்கே 1 தான் சிறந்தது, 4 கடைசித் தேர்ச்சி. பல படிப்புகள் 2.5-க்குள் கேட்கின்றன, அதற்கு நமக்கு 70 வேண்டும். போதாததற்கு 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்க வேண்டும். ஆக, இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் பிஎச்.டி.க்குப் போவதுதான் உங்களுக்கு நல்லது. அப்போது அவர்கள் எம்.எஸ்சி. மார்க்கையும் நீங்கள் செய்த ஆய்வையும்தான் முதலில் பார்ப்பார்கள்.

இந்தியாவிலும் அப்படித்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்கு முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினர் உள்ளிட்டோருக்கு 5 சதவீதம் தளர்வு. எம்.எஸ்சி.யில் நன்றாகச் செய்துவிட்டால் உங்கள் 44 பழைய கோப்பில் ஒரு வரியாகிவிடும்.

பி.எட். பற்றி. அது நல்ல படிப்பு, எனக்கு இயற்பியலில் ஆசை வந்ததே ஒரு பி.எட். படித்த டீச்சரால்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை இருந்தால் போங்கள். எம்.எஸ்சி. கிடைக்காது என்ற பயத்தில் மட்டும் போகாதீர்கள். வீட்டில் கேட்பது வருமானத்தைத்தான் என்று நினைக்கிறேன், அந்தக் கேள்வி நியாயமானது. அப்பாவிடம் ஒரு வருடக் கெடு கேளுங்கள். ஜாம் முடிவு வரும்வரை பகல் ஷிஃப்டில் வேலை பாருங்கள், இரவு ஷிஃப்ட் வேண்டவே வேண்டாம். அது உங்கள் இரண்டு செமஸ்டரைத் தின்றதை நீங்களே பார்த்தீர்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எண்ணூரில் சென்ட்ரல் போகும் ரயிலைப் பிடித்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகம் தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்றால் அன்று முழுக்க அங்கேயே இருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. பகுதிவாரிச் சதவீதத்தைக் கணக்குப் போட்டு எழுதுங்கள். கணித இயற்பியல் அரியர் தாளைத் தேடி எடுத்து, முதல் கேள்வியிலிருந்து போட ஆரம்பியுங்கள். எங்கே சிக்குகிறதோ அந்தக் கேள்வியை எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.